41 புரட்டல்கள், இரண்டு வரைபடங்கள்: எந்த நீளத்தை நம்புவது?

நெல்லிக்கனி

எல்லோருக்கும் வணக்கம். முதுநிலை உயிர்தகவலியல் இறுதி ஆண்டு படிக்கிறேன். ஒரே பேரினத்தைச் சேர்ந்த இரண்டு பாக்டீரியாக்களின் மரபணு வரிசையை ஒப்பிடுவதுதான் ஆய்வேடு. இரண்டிலும் பொதுவாக உள்ள துண்டுகளைக் கண்டுபிடித்து, திசைக்குறியோடு எண் போட்டேன். மொத்தம் 64 துண்டுகள். ஒன்றை மற்றொன்றாக மாற்றக் குறைந்தது எத்தனை புரட்டல் வேண்டும் என்று நிரலிடம் கேட்டேன். 41 என்றது.

இதற்குப் புதியவர்களுக்காக: குரோமோசோமின் ஒரு பகுதி இரு முனைகளிலும் அறுந்து, தலைகீழாகத் திரும்பி, அதே இடைவெளியில் ஒட்டிக்கொள்வதைத்தான் புரட்டல் என்கிறேன். உள்ளே இருக்கும் துண்டுகளின் வரிசையும் தலைகீழாகும், ஒவ்வொன்றின் திசையும் மாறும்.

அந்த 41 புரட்டல்களின் நீளத்தையும் எடுத்து வரைபடம் போட்டேன். நீளமானவை எக்கச்சக்கம். சில புரட்டல்கள் 50 துண்டுகளைக்கூடச் சுருட்டிக்கொண்டு திரும்புகின்றன. வழிகாட்டிப் பேராசிரியர் பார்த்துவிட்டு, "இந்தப் பேரினத்தில் நீளமான புரட்டல்களே மிகுதி என்று ஒரு அத்தியாயம் எழுதிவிடு" என்றார்.

எழுத உட்கார்ந்தேன். வீட்டுக் கணினியில் அதே கோப்பைக் கொடுத்து மறுபடி ஓட்டினேன். மறுபடியும் 41தான். ஆனால் வரைபடம் வேறு! கல்லூரியில் வந்தது ஒரு மலை, வீட்டில் வந்தது இரண்டு மேடு. இதில் எது உண்மை?

பொறிவண்டு

கேள்வியிலேயே பதிலை வைத்துவிட்டீர்கள். எண்ணிக்கை மாறவில்லை, நீளங்கள் மாறின. அப்படியென்றால் எண்ணிக்கை உங்கள் பாக்டீரியாவைப் பற்றியது. நீளம், நிரல் அன்று எந்த வழியில் நடந்தது என்பதைப் பற்றியது.

குறைந்தபட்சத் தீர்வு ஒன்றே ஒன்று என்று யாரும் சொல்லவில்லை. 41 படிகள் உள்ள வழிகள் எண்ணி மாளாத அளவுக்கு இருக்கும். நிரல் அவற்றில் முதலில் கையில் சிக்கியதைக் கொடுக்கும். தற்செயல் எண் வேறு, பதிப்பு வேறு என்றால் வழியும் வேறு.

நெல்லிக்கனி

அது புரிகிறது. ஆனால் வழிகள் பல என்றாலும் நீளங்களின் பரவல் ஏறக்குறைய ஒன்றாக இருக்கக் கூடாதா? மதுரைக்கு எந்த வழியில் போனாலும் தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதானே?

பழங்கணக்கன்

மதுரை உவமை இங்கே உதவாது மகளே. இங்கே "தூரம்" என்பது எத்தனை பஸ் மாறினாய் என்பது. ஒவ்வொரு பஸ்ஸிலும் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாய் என்பது கணக்கில் சேராது. மூன்று பஸ் என்றால் மூன்று பஸ்தான், ஒன்று பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் சரி, கன்னியாகுமரி வரை போய்த் திரும்பினாலும் சரி.

கையால் ஒன்றைச் செய்து பார்த்தால் தெளிவாகும். இந்தத் துறையின் அரிச்சுவடி முட்டைக்கோஸும் டர்னிப் கிழங்கும். 1988இல் பாமரும் ஹெர்பனும் இவற்றின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை ஒப்பிட்டார்கள். மரபணுக்களின் எழுத்துகளை (டி.என்.ஏ.வின் ஏ, டி, ஜி, சி) வைத்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. அவை அமைந்திருக்கும் வரிசைதான் வேறு. எழுத்து மெதுவாக மாற, வரிசை வேகமாக மாறும் வினோதம் அங்கே பளிச்சென்று தெரிந்தது. (வரிசை மாறும் என்பது அதற்கும் வெகுகாலம் முன்பே தெரியும். ஸ்டர்ட்டெவன்ட் 1921இலேயே இரண்டு பழ ஈ இனங்களின் மூன்றாம் குரோமோசோமில் ஒரு பகுதி தலைகீழாக இருப்பதைச் சொல்லிவிட்டார். டி.என்.ஏ. எப்படி இருக்கும் என்றே தெரியாத காலம் அது.)

ஒன்றில் வரிசை 1 2 3 4 5 என்று வைத்துக்கொள். மற்றொன்றில்:

1 −5 4 −3 2

கழித்தல் குறி என்றால் அந்தத் துண்டு எதிர்த்திசையில் கிடக்கிறது. இப்போது 4ஐ மட்டும் புரட்டு:

1 −5 −4 −3 2

அடுத்து 2ஐ மட்டும் புரட்டு:

1 −5 −4 −3 −2

கடைசியாக −5 முதல் −2 வரை நான்கையும் சேர்த்துப் புரட்டு:

1 2 3 4 5

மூன்றே படி. நீளங்கள் 1, 1, 4. இரண்டு படியில் முடியாது. இந்த உதாரணத்தை நான் ஒரு மாலை முழுக்கக் கையால் அலசியிருக்கிறேன்: மூன்று படியில் முடிக்க ஆறு வழிகள், ஆறிலும் இதே மூன்று புரட்டல்கள்தான், முன்பின் வரிசை மட்டும் மாறும். ஆகவே இங்கே நீளப் பரவல் தப்பாது. ஆனால் இது ஐந்து துண்டு. ஒன்றன் எல்லைக்குள் இன்னொன்று பாதி நுழைந்து நிற்கும் புரட்டல்கள் பெருகினால் இந்த நல்ல குணம் போய்விடும். உன் 64 துண்டில் அது போயேவிட்டது என்பதைத்தான் உன் இரண்டு வரைபடங்கள் சொல்கின்றன.

திசைக்குறியைக் கோப்பில் விடாமல் வைத்திருக்கிறாய் அல்லவா? குறி இருந்தால் குறைந்தபட்ச எண்ணிக்கையை விரைவாகக் கண்டுபிடிக்கலாம் என்று ஹன்னென்ஹள்ளியும் பெவ்ஸ்னரும் 1995இல் காட்டினார்கள். குறியைத் தூக்கிவிட்டால் அதே கேள்வி என்பி-கடினம் (துண்டுகள் பெருகினால் விரைவாக முடிக்கும் வழி எதுவும் தெரியாத வகைக் கணக்கு) என்று கப்ராரா 1997இல் நிறுவினார். கூடுதல் தகவல் கொடுத்தால் வேலை சுலபமாகும் அபூர்வமான இடம் இது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த செய்தியும் இதுதான்.

தோசைக்கல்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஒரு பக்கம் மட்டும் முறுகிய தோசைகளை அளவு வாரியாக அடுக்கும் கணக்கும் இதுதானே? 1979இல் பில் கேட்ஸ் ஒரு கட்டுரை எழுதினாரே, பாப்பாடிமிட்ரியூவோடு சேர்ந்து?

பழங்கணக்கன்

அதேதான். அவர்கள் எழுதியது பான்கேக், நீங்கள் தோசையாக்கிவிட்டீர்கள். முறுகிய பக்கம்தான் கழித்தல் குறி. ஒரே வேறுபாடு, அங்கே எப்போதும் மேலிருந்துதான் புரட்ட வேண்டும். எத்தனை தோசைக்குக் கீழே கரண்டியை விட்டீர்கள் என்று சொன்னால் புரட்டல் முழுவதும் தெரிந்துவிடும். நீளத்தைத் தவிர அங்கே சொல்ல வேறொன்றும் இல்லை. குரோமோசோமில் கரண்டி எங்கே வேண்டுமானாலும் நுழையும், தொல்லை அங்கே ஆரம்பிக்கிறது.

குளத்துமீன்

பழங்கணக்கன் ஐயாவின் கணக்கில் ஒரு சின்னத் திருத்தம். சின்னது என்று சொல்கிறேன், ஆனால் நெல்லிக்கனியின் ஆய்வேட்டுக்கு இது பெரியது.

மைட்டோகாண்ட்ரியா வரைபடம் வட்டம். பாமர் குழு வரைந்த டர்னிப் வரைபடமே சுமார் 2,18,000 எழுத்துகள் கொண்ட ஒரு வட்டம்தான். வட்டத்தில் ஒரு வில்லைப் புரட்டுவதும், மிச்சம் இருக்கும் வில்லைப் புரட்டுவதும் ஒன்றே. இரண்டு இழைகளில் எந்த இழையில் நின்று படிக்கிறோம் என்பது மட்டுமே வேறு.

ஐயாவின் கடைசிப் படியைப் பாருங்கள்: 1 −5 −4 −3 −2. இதை எதிர் இழையில் நின்று படித்தால் 2 3 4 5 −1. வட்டம் என்பதால் இதையே −1 2 3 4 5 என்றும் எழுதலாம். இப்போது புரட்ட வேண்டியது 1 மட்டும்! நான்கு துண்டு நீளம் என்று அவர் எழுதியது ஒரு துண்டு நீளமாகிவிட்டது. மொத்த நீளங்கள் 1, 1, 4 என்பதற்குப் பதில் 1, 1, 1.

நெல்லிக்கனி, உங்கள் பாக்டீரியாவின் குரோமோசோம் வட்டம்தானே? 64 துண்டில் 50ஐப் புரட்டுவது என்று ஒன்று கிடையாது. அது 14 துண்டுப் புரட்டல். 32க்கு மேல் எதுவும் வரவே கூடாது.

பழங்கணக்கன்

ஒப்புக்கொள்கிறேன். முப்பது வருடமாக இதை நேர்கோட்டில் எழுதிக்காட்டியே பழகிவிட்டேன். படம் போடும் வசதி மூளைக்கும் பழக்கமாகிவிடுகிறது.

நெல்லிக்கனி

தலையில் அடித்துக்கொண்டேன். கோப்பு தொடங்கும் இடத்தில் வட்டத்தை வெட்டி நேர்கோடாக்கித்தான் இத்தனை நாளும் எண்ணியிருக்கிறேன். இப்போது குட்டையான வில்லை மட்டும் எடுத்தேன். வரைபடத்தின் வலது பாதியே காணாமல் போய்விட்டது. "நீளமானவையே மிகுதி" அத்தியாயம் இரண்டு வரியாகச் சுருங்கியிருக்கிறது.

ஆனாலும் இரண்டு கணினியிலும் வேறு வேறு படம்தான் வருகிறது. அப்படியென்றால் குறைந்த எண்ணிக்கை என்று கேட்காமல், மொத்த நீளம் குறைவாக உள்ள வழி என்று நிரலிடம் கேட்டால் என்ன? அப்போது விடை ஒன்றாக இருக்குமா?

பொறிவண்டு

நல்ல இடத்துக்கு வந்தீர்கள். 2002இல் பின்டரும் ஸ்கியெனாவும் இதைத்தான் கேட்டார்கள்: ஒவ்வொரு புரட்டலுக்கும் அதன் நீளத்துக்கு ஏற்ப விலை வைத்தால் வரிசைப்படுத்த எவ்வளவு ஆகும்?

விலை வைத்ததுமே ஆட்டம் முழுக்க மாறுகிறது. குறியை மறந்துவிட்டு, கலைந்து கிடக்கும் 1000 பொருட்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வழி: 1ஐத் தேடிப்பிடித்து ஒரே புரட்டலில் முன்னால் கொண்டுவா, பிறகு 2ஐ, பிறகு 3ஐ. அதிகபட்சம் 999 புரட்டல். ஆனால் ஒவ்வொன்றும் மிச்சமிருப்பதில் சராசரியாகப் பாதியைத் திருப்புகிறது. மொத்த நீளம் தோராயமாக 2,50,000.

இரண்டாம் வழி: முதலில் 500 வரை உள்ளவற்றை "சிறிது" என்றும் மற்றவற்றை "பெரிது" என்றும் பார்க்க வேண்டும். வரிசையை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியிலும் சிறிதை இடது பக்கமும் பெரிதை வலது பக்கமும் ஒதுக்க வேண்டும் (அதையும் இதே முறையில், இன்னும் சிறு பாதிகளாகப் பிரித்து). இப்போது வரிசை சிறிது–பெரிது–சிறிது–பெரிது என்று நிற்கும். நடுவில் உள்ள பெரிது–சிறிதை மட்டும் ஒரு புரட்டு, முடிந்தது. பிறகு சிறிதுகளுக்குள் இதே ஆட்டம், பெரிதுகளுக்குள் இதே ஆட்டம். கூட்டிப் பார்த்தால் மொத்த நீளம் 27,500 அளவுக்கு வரும். முதல் வழியில் ஒன்பதில் ஒரு பங்குதான்! ஆனால் புரட்டல்களின் எண்ணிக்கை பல ஆயிரமாகிவிடுகிறது, பெரும்பாலும் குட்டைக் குட்டையாக.

விலையை இன்னும் ஏற்றி, நீளத்தின் வர்க்கம் என்று வைத்துவிட்டால், பக்கத்துப் பக்கத்து இரண்டை மாற்றிக்கொண்டே போகும் பழைய குமிழி வரிசைப்படுத்தலுக்கு மேல் பெரிய லாபம் எதிலும் இல்லை. 2004இல் இதே குழு திசைக்குறிக்கும் வட்டத்துக்கும் சேர்த்து இந்தக் கணக்கை நீட்டித்தது. உங்களுக்கு வேண்டியது அதுதான்.

மருதாணி

ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்ப்பவள் நான், நிரல் எழுதுபவள் அல்ல. இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்தேன், இனி முடியாது.

"விலை" என்கிறீர்களே, யார் யாருக்குக் கொடுக்கிற விலை? 5 லட்சம் எழுத்துகள் உள்ள ஒரு பகுதி திரும்பும்போது அந்த 5 லட்சத்தையும் ஒவ்வொன்றாக யாரும் தூக்கிச் சுமப்பதில்லை. அறுவது இரண்டு இடம், ஒட்டுவது இரண்டு இடம். 500 எழுத்துகள் திரும்பினாலும் அதே இரண்டு இடம்தான். நீளத்துக்கு விலை வைத்ததும் குட்டையானவை நிறைய வந்தன என்றால், அது பாக்டீரியா சொன்ன செய்தியா, நீங்கள் வைத்த விலை சொன்ன செய்தியா?

பாக்டீரியாவில் புரட்டல் பெரும்பாலும் எங்கே நடக்கிறது? ஒரே மாதிரியான இரண்டு வரிசைகள் எதிரெதிர்த் திசையில் இருக்கும் இடங்களுக்கு நடுவே. தாவும் மரபணுக்கள், ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுக்கள் போன்றவை. ஈ. கோலையில் இந்த ரைபோசோம் தொகுதிகள் ஏழு. ஆய்வகங்களில் அன்றாடம் புழங்கும் கே-12 வகையின் ஒரு கிளையான டபிள்யூ3110இல், அவற்றில் இரண்டுக்கு நடுவே உள்ள பெரும்பகுதி அப்படியே திரும்பிக் கிடக்கிறது. அந்தக் கிளை நன்றாகத்தான் வளர்கிறது. அதன் நீளத்தைத் தீர்மானித்தது அந்த இரண்டு தொகுதிகளும் எங்கே இருக்கின்றன என்பது மட்டுமே.

பொறிவண்டு

கோபம் நியாயம்தான் மருதாணி அக்கா. ஆனால் விலை என்பதை இயற்கை கட்டும் பணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அரிதாக நடப்பதற்கு அதிக விலை, அடிக்கடி நடப்பதற்குக் குறைந்த விலை, அவ்வளவுதான். நடப்பதற்கான வாய்ப்பைத் தலைகீழாக எழுதியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மருதாணி

சரி, அப்படியே வைத்துக்கொள்கிறேன். அப்போதும் நீளம் தவறான அளவுகோல். நிலைத்திருப்பது எது என்பதை இயற்கைத் தேர்வு தீர்மானிக்கிறது, அது பார்ப்பது வேறொன்றை. பாக்டீரியா நகலெடுக்கத் தொடங்கும் புள்ளி ஒன்று. அங்கிருந்து இரண்டு கைகளாகப் பிரிந்து எதிர்ப்புறம் போய் முடிகிறது. இரண்டு கையும் ஏறக்குறையச் சமமாக இருந்தால் நகலெடுப்பு ஒரே நேரத்தில் முடியும். இந்தத் தொடக்கப் புள்ளியிலிருந்து இருபுறமும் சம தூரத்தில் அறுந்து திரும்பும் புரட்டல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் சமநிலை கெடாது. ஒரு பக்கம் மட்டும் அதிகம் சாய்ந்தால் கெடும்.

2000இல் ஐசனும் உடன் ஆய்வாளர்களும் நெருங்கிய பாக்டீரியாக்களின் மரபணுத்தொகுதிகளை எதிரெதிர் அச்சில் வைத்துப் புள்ளி போட்டபோது பெருக்கல் குறி போல ஒரு வடிவம் வந்தது. சமச்சீர்ப் புரட்டல்கள் திரும்பத் திரும்ப நடந்தால் வருகிற வடிவம் அது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகுமா 'நீளத்துக்கு ஏற்ப விலை' என்று பேசுவீர்கள்?

குளத்துமீன்

இரண்டு பேரும் சொல்வது ஒரே ஆய்வில் சேர்ந்து வருகிறது. 2008இல் டார்லிங், மிக்லோஷ், ரேகன் மூவரும் பிளேக் நோய்க் கிருமியும் அதன் உறவுகளுமான எட்டு யெர்சினியா மரபணுத்தொகுதிகளை எடுத்தார்கள். 78 துண்டுகள். சிக்கனமான வரலாறுகளில் 79 புரட்டல்கள். ஒரு வரலாற்றை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்காமல் ஏராளமான வரலாறுகளை மாதிரியாக எடுத்து, எல்லாவற்றிலும் பொதுவாக வருவதைப் பார்த்தார்கள்.

கிடைத்தது என்ன? சமச்சீர்ப் புரட்டல்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம், இது மருதாணி பக்கம். எல்லாப் புரட்டல்களுமே, இயற்கைத் தேர்வு இல்லை என்று வைத்துப் போட்ட கணக்கு தருவதைவிடக் குட்டை, இது பொறிவண்டு பக்கம். ஒரே கைக்குள் அடங்கும் புரட்டல்களோ மிக மிகக் குட்டை. ஆக நெல்லிக்கனி நீளத்தை ஒரே வரைபடத்தில் போடுவதே தப்பு. தொடக்கப் புள்ளியையோ முடிவுப் புள்ளியையோ தாண்டுபவை ஒரு படம், ஒரு கைக்குள் நிற்பவை இன்னொரு படம்.

"எதிர்பார்த்ததைவிட" என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பலர் வழுக்கி விழும் இடம் அது. ஒரு நேர்கோட்டில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு இடத்தில் வெட்டினால் நடுவில் வரும் துண்டின் சராசரி நீளம் கோட்டில் மூன்றில் ஒன்று, குட்டைத் துண்டுகளே அதிகம். எந்த உயிரியலும் இல்லாமலே குட்டை அதிகம்! அதே வெட்டை வட்டத்தில் போட்டுக் குட்டையான வில்லை எடுத்தால் சராசரி நான்கில் ஒன்று, ஆனால் பரவல் தட்டை. பாதி வட்டம் வரை எல்லா நீளமும் சம வாய்ப்பு. நெல்லிக்கனி ஒப்பிட வேண்டியது இந்தத் தட்டையோடு.

நேர்கோட்டுக் குரோமோசோமில் இதைச் சரியாகச் செய்தவர்கள் யார்க், டியூரெட், நீல்சன், 2007இல். மெலனோகாஸ்டர், யாகுபா என்ற இரு பழ ஈக்கள். சென்ட்ரோமியரை (குரோமோசோமின் இரு கைகளும் சேரும் இடத்தை) தாண்டாத புரட்டல்களின் சராசரி சுமார் 48 லட்சம் எழுத்துகள். சும்மா வெட்டினால் வரும் குட்டைகளைவிடவும் குட்டைகள் கூடுதல் என்று கண்டார்கள். அதாவது ஒரு வெட்டு விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே மற்ற வெட்டும் விழ முனைகிறது.

நெல்லிக்கனி

இதெல்லாம் படித்த பிறகு ஒரு பயம். மாதிரிகளை ஆயிரக்கணக்கில் எடுத்துச் சராசரி போட்டாலும், எல்லாமே 41 படிக்குள் அடங்கும் வழிகள்தானே? உண்மையில் நடந்தது அவற்றில் ஒன்றாகவே இல்லாமல் போனால்?

பழங்கணக்கன்

இதைத்தான் நீ கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். சாங்கோஃபும் உடன் ஆய்வாளர்களும் பாக்டீரியாக்களின் புரட்டல் நீளப் பரவல் என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆரம்பத்திலேயே உடைத்துச் சொல்லிவிட்டார்கள்: அல்காரிதம் தரும் வழியிலிருந்து நீளப் பரவலை நேராக எடுக்க முடியாது, மிகக் குட்டையானவற்றைத் தவிர மற்றவற்றின் தடம் சீக்கிரமே அழிந்துபோகிறது.

ஏன் என்று யோசித்துப் பார். ஒரே ஒரு மரபணு மட்டும் திரும்பினால், அதே மரபணுவின் இரண்டு ஓரத்திலும் பிறகு வேறு வெட்டு விழும் வரை அது அப்படியே தனித்துத் தெரியும். 30 துண்டு நீளமுள்ள புரட்டலுக்குள்ளோ அடுத்தடுத்து நாலைந்து புரட்டல்கள் பாதி உள்ளே பாதி வெளியே என்று விழும். அந்தப் பழைய இரண்டு முனைகளும் ஒன்றுக்கொன்று சோடி என்பதற்கான சாட்சியே மிஞ்சாது. நிரல் ஏதோ இரண்டு முனைகளைச் சோடி சேர்த்து ஒரு நீளம் சொல்லும். சொல்லத்தான் செய்யும், பாவம், கேட்டால் பதில் சொல்வதுதான் அதன் தொழில்.

அவர்கள் செய்த தந்திரம் எளிது. 32 சோடி பாக்டீரியாக்களை எடுத்து நிரலை ஓட்டினார்கள். பிறகு ஒவ்வொரு சோடிக்கும், ஒரு நீளப் பரவலைத் தாங்களே வைத்துக்கொண்டு போலிப் பரிணாமம் நடத்தி, அந்தப் போலி மரபணுத்தொகுதியையும் அதே நிரலில் ஓட்டினார்கள். உண்மையையும் நிரலின் விடையையும் ஒப்பிடாமல், நிரலின் ஒரு விடையை நிரலின் இன்னொரு விடையோடு ஒப்பிட்டார்கள். தராசு கோணல் என்று தெரிந்தால் எடைக்கல்லையும் அதே தராசில் வைத்துப் பார்ப்பது போல. அடுக்குக்குறிப் பரவல் (நீளம் கூடக்கூட வாய்ப்பு ஒரே விகிதத்தில் சரியும் வடிவம்) எப்படி வைத்தாலும் பொருந்தவில்லை. அதைவிட வளைத்துப் பொருத்த இடம் தரும் காமா பரவல் பொருந்தியது, ஒற்றை மரபணுப் புரட்டலுக்கும் 20 மரபணுக்கள் வரையிலான குட்டைகளுக்கும். அதற்கு மேலான நீளங்களைப் பற்றி அவர்கள் துணிந்து பேசவில்லை. அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும்.

மருதாணி

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் கத்தியிருக்க மாட்டேன்.

பொறிவண்டு

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. நெல்லிக்கனி, 64 துண்டுகளை எடுக்கும்போது சிறிய துண்டுகளை வடிகட்டினீர்களா?

நெல்லிக்கனி

ஆமாம், 10,000 எழுத்துகளுக்குக் கீழே உள்ளவற்றை விட்டுவிட்டேன். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார்கள்.

பொறிவண்டு

எல்லோரும் செய்கிறார்கள், பிறகு எல்லோரும் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். 10,000க்குக் கீழே உள்ள புரட்டல் உங்கள் கோப்புக்குள் வரவே வழியில்லை. வலையின் கண் அளவைவிடச் சிறிய மீன் குளத்தில் இல்லை என்று யாராவது எழுதுவார்களா?

மனிதன்–சுண்டெலி ஒப்பீட்டிலும் இதே பஞ்சாயத்துதான். பெவ்ஸ்னரும் டெஸ்லரும் 2003இல் 10 லட்சம் எழுத்துகளுக்குக் குறையாத 281 துண்டுகளை எடுத்து, குறைந்தது 245 மறுசீரமைப்புகள் தேவை என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வெட்டு என்றால் 490 வெட்டுகள், ஆனால் துண்டுகளின் எல்லைகள் சுமார் 300தான். மிச்சம் 190 வெட்டுகள் ஏற்கெனவே வெட்டிய இடத்திலேயே விழுந்திருக்க வேண்டும், ஆகவே குரோமோசோமில் எளிதில் முறியும் இடங்கள் உண்டு என்பது அவர்கள் வாதம். சாங்கோஃபும் டிரின்னும் எதிர்த்தார்கள்: சிறிய துண்டுகளை வடிகட்டினாலே அப்படி ஒரு தோற்றம் வந்துவிடும் என்று. உங்களுக்கு 41 புரட்டல், 82 வெட்டு, 64 எல்லை. அதே கதை சிறிய அளவில்.

கண் சிறிய வலையைப் போட்டால் என்ன வரும் என்பதற்கு 2005இல் மனிதனையும் சிம்பன்சியையும் ஒப்பிட்ட ஆய்வு இருக்கிறது: தலைகீழாக இருக்கக்கூடும் என்று 1,576 இடங்கள் சிக்கின. மிகச் சிறியது 23 எழுத்துகள், மிகப் பெரியது 6.2 கோடி எழுத்துகள். இவை இரண்டையும் ஒரே வரைபடத்தில், அதுவும் "துண்டு எண்ணிக்கை" என்ற அச்சில் எப்படிப் போடுவது?

நெல்லிக்கனி

நான்கு நாள் கழித்து வருகிறேன். செய்தவை:

போலிப் பரிணாமம் நடத்திப் பார்த்தேன். 64 துண்டு வட்டத்தில் 41 புரட்டல்களை, எல்லா நீளமும் சம வாய்ப்பு என்று போட்டு, நிரலிடம் கொடுத்தேன். எண்ணிக்கை 40, 41, 39 என்று ஏறக்குறையச் சரியாகவே வருகிறது. நீளமோ நான் போட்டதற்கும் அது சொல்வதற்கும் சம்பந்தமே இல்லை. எண்ணிக்கை இவ்வளவு சரியாக வரும்போது நீளம் இவ்வளவு தப்பாக வரும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. ஒரு துண்டு, இரண்டு துண்டுப் புரட்டல்களை மட்டும் ஓரளவு நம்பலாம் போலிருக்கிறது.

வடிகட்டியை 1,000 எழுத்துகளுக்கு இறக்கினேன். துண்டுகள் அதிகமாயின, குட்டைப் புரட்டல்கள் வரிசையாக எட்டிப்பார்த்தன. பேராசிரியரிடம் இரண்டு வரைபடங்களையும் போலி வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு, இதை அத்தியாயமாக்கு" என்றார். அவரைப் பற்றி முதலில் கொஞ்சம் குறைப்பட்டுக்கொண்டதற்கு வருத்தப்படுகிறேன்.

ஒரே ஒரு நீளமான புரட்டல் மட்டும் மிஞ்சி நிற்கிறது. எந்த வழியை எடுத்தாலும் அது வருகிறது. தொடக்கப் புள்ளியைத் தாண்டி, இரு புறமும் கிட்டத்தட்டச் சம தூரம். மருதாணி அக்கா சொன்ன சமச்சீர்ப் புரட்டல் இதுவேதான்!

மருதாணி

மகிழ்ச்சி. ஒரு கேள்வி: அதன் இரண்டு முனைகளிலும் என்ன இருக்கிறது?

நெல்லிக்கனி

பார்த்தேன். இரண்டு முனையிலும் ரைபோசோம் ஆர்.என்.ஏ. தொகுதி. எதிரெதிர்த் திசையில். நீங்கள் ஈ. கோலைக்குச் சொன்ன அதே அமைப்பு.

மருதாணி

அந்த மரபணுத்தொகுதியைத் தொகுத்தது குட்டை வாசிப்புகளை (கருவி ஒரே மூச்சில் படித்த டி.என்.ஏ. துணுக்குகளை) வைத்தா, நெடிய வாசிப்புகளை வைத்தா?

நெல்லிக்கனி

பொதுத் தரவுத்தளத்திலிருந்து எடுத்தது. குறிப்பில் 150 எழுத்து வாசிப்புகள் என்று இருக்கிறது. ஏன் அக்கா?

மருதாணி

ரைபோசோம் தொகுதி ஒன்று சுமார் 5,000 எழுத்துகள். 150 எழுத்து வாசிப்பால் அதைத் தாண்ட முடியாது. ஒரு தொகுதிக்குள் நுழைந்த நிரலுக்கு எந்தத் தொகுதியின் வழியாக வெளியே வந்தோம் என்று தெரியாது. நடுவில் உள்ள அந்தப் பெரும் பகுதியை இப்படியும் ஒட்டியிருக்கலாம், அப்படியும் ஒட்டியிருக்கலாம். உண்மையான புரட்டல் எந்த இடத்தில் நடக்க வாய்ப்பு அதிகமோ, அதே இடத்தில்தான் தொகுக்கும் நிரலும் தவறும். கோப்பை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

உயிருள்ள வளர்ப்பு கிடைக்குமா என்று கேள். தொகுதிக்கு வெளியே இரண்டு பக்கமும் பிரைமர் (நகலெடுப்பு தொடங்கும் இடத்தைக் குறிக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) வைத்து, நெடுந்தூர பிசிஆர் (இரண்டு பிரைமருக்கு நடுவே உள்ள டி.என்.ஏ.வைப் பெருக்கும் சோதனை) ஓட்டினால் எந்தப் பக்கம் எதோடு ஒட்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும். நான்கு பிரைமர் போதும். வடிவமைத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

நெல்லிக்கனி

வளர்ப்பு கேட்டு எழுதியிருக்கிறேன். பிரைமர் வரிசைகளை இன்று இரவு தனிச்செய்தியில் அனுப்புகிறேன். அதுவரை அந்த ஒரு புரட்டலை வரைபடத்தில் வெற்று வட்டமாகக் குறித்து வைத்திருக்கிறேன்.